நிலவறையில் கிடைத்த பத்து கேலன் ஜாடி, ஆரஞ்சுத் தட்டுகள்: விலை என்ன, ஊறுகாய் போடலாமா?

செயிண்ட்பால்வாசி:
அனைவருக்கும் வணக்கம். மினசோட்டாவின் செயிண்ட் பாலில் அண்மையில் ஒரு பழைய வீடு வாங்கினோம். விற்ற மூதாட்டி நிலவறையில் இருந்தவற்றை அப்படியே விட்டுவிட்டார். வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குப்பையில் போடுங்கள் என்றார். தூசி தட்டிப் பார்த்ததில் மூன்று வகைப் பொருள்கள் தேறின.

முழங்கால் உயரத்தில் வெள்ளை ஸ்டோன்வேர் (கடினமாகச் சுட்ட மண்பாண்டம்) ஜாடி ஒன்று. முன்பக்கம் சிவப்பு மையில் ஒரு பறவைச் சிறகும் 10 என்ற எண்ணும் இருக்கின்றன. இரு பக்கமும் கம்பிக் கைப்பிடி. கைப்பிடிக்கு அருகே, காப்புரிமை, டிசம்பர் 21, 1915 என்று பொருள்படும் எழுத்துகள் உள்ளன. அடுத்து, வட்ட வட்டமாக வரி ஓடும் ஆரஞ்சுத் தட்டுகள் ஒன்பது. அவற்றோடு பச்சை நிறத்தில் ஒரு சிறிய கிண்ணம். கடைசியாக, மாவு பிசையும் பெரிய பழுப்புக் கிண்ணம் ஒன்று. அதன் அடியில் 'ஆர்.ஆர்.பி. கோ., ரோஸ்வில், ஓஹையோ' என்று பதிந்திருக்கிறது.

பழைய மேசை ஒன்றைப் பார்க்க வந்த பழம்பொருள் வியாபாரி, எல்லாவற்றுக்கும் சேர்த்து 150 டாலர் தருவதாகவும் இன்றே முடிவு சொல்ல வேண்டும் என்றும் அவசரப்படுத்தினார். யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டேன். இது நியாயமான விலைதானா? இன்னொன்று, காணொளி அழைப்பில் ஜாடியைப் பார்த்த அம்மா, அடுத்த மாதம் வரும்போது அதில் எலுமிச்சை ஊறுகாய் போட்டே தீருவேன் என்கிறார். போடலாமா?

நியூஜெர்சி குமரன்:
விற்றுவிடாதீர்கள்! 1915 என்றால் நூறு ஆண்டுகளைத் தாண்டிய பொருள். இதே சிறகு ஜாடிக்கு இணையத்தில் 900 டாலர் போட்டிருப்பதைப் பார்த்தேன். அமெரிக்க ஜாடி ஒன்று பதினைந்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனதாகவும் செய்தி படித்த நினைவு.

சூளைச்சாம்பல்:
குமரன் தம்பி, அந்த ஏலச் செய்தி உண்மைதான், ஆனால் அது வேறு உலகம். தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்டில் அடிமையாக வைக்கப்பட்டிருந்த டேவிட் டிரேக் என்ற குயவர் 1858இல் வனைந்த இருபத்தைந்து கேலன் ஜாடி அது. அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதை 1834இல் சட்டம் போட்டுத் தடுத்த மாநிலத்தில், அந்த மனிதர் ஈரக் களிமண்ணில் 'டேவ்' என்று கையொப்பமிட்டார். இரண்டடிக் கவிதைகளும் கீறி வைத்தார். 2021இல் அந்த ஜாடி 15.6 லட்சம் டாலருக்குப் போனது. ஒரு மனிதரின் கை அதில் இருக்கிறது. சிறகு ஜாடியோ தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து இறக்கிய சரக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

900 டாலரும் அப்படித்தான். அது ஒருவர் கேட்கும் விலை. கேட்பதற்குக் காசா பணமா? விற்றுமுடிந்தவற்றை மட்டும் வடிகட்டிக் காட்டும் வசதி ஏலத்தளங்களில் இருக்கிறது, அதைப் பாருங்கள். மூன்று ஆண்டுகளாக 900 டாலரில் நின்றுகொண்டிருக்கும் ஜாடி, அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லை என்பதற்குத்தான் சாட்சி.

சகோதரி, இனி உங்கள் ஜாடிக்கு வருகிறேன். சிறகு என்றால் ரெட் விங், ஊரின் பெயரையே வைத்துக்கொண்ட ஸ்டோன்வேர் நிறுவனம். உங்கள் ஊரிலிருந்து மிசிசிப்பி ஆற்றோடு தென்கிழக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் அந்த ஊர் வந்துவிடும். 1915 என்பது கைப்பிடிக்கு வாங்கிய காப்புரிமையின் தேதி. ஜாடி செய்த ஆண்டு அதுவல்ல, அதற்கு முந்தையது அல்ல என்று மட்டும்தான் அதிலிருந்து தெரியும். பிந்தைய எல்லையைக் கண்டுபிடிக்க இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்: சிறகுக்குக் கீழே நீள்வட்டத்துக்குள் ஏதேனும் எழுத்து இருக்கிறதா? சிறகு எத்தனை அங்குலம்?

அதைவிட முக்கியமானது, ஜாடியைக் காலி செய்து தரையிலிருந்து சற்றே தூக்கிப் பிடிக்கச் சொல்லி விரல் முட்டியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். சந்தையில் மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதே சோதனைதான். கணீரென்று ஒலித்தால் நல்லது. ஓரிடத்தில் மட்டும் சத்தம் அமுங்கினால் அங்கே விரிசல் ஒளிந்திருக்கிறது.

ஓஹையோக்காரன்:
பழுப்புக் கிண்ணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரோஸ்வில் என்ற பெயரைப் பார்த்ததும் பலர் துள்ளிக் குதிப்பார்கள், ஏனென்றால் பூச்சாடிகளுக்குப் பேர்போன ரோஸ்வில் பாட்டரி என்ற மண்பாண்ட நிறுவனம் சேகரிப்பாளர்களின் செல்லப்பிள்ளை. உங்களுடையது அந்த நிறுவனம் செய்ததல்ல. ஆர்.ஆர்.பி. என்பது ராபின்சன் ரான்ஸ்பாட்டம் பாட்டரி. ரோஸ்வில் என்பது அது இருந்த ஊரின் பெயர். பூச்சாடிக்காரர்கள் அதே ஊரில் தொடங்கி, சேன்ஸ்வில்லுக்குப் போய், 1954இல் கடையைக் கட்டிவிட்டார்கள். ராபின்சன் ரான்ஸ்பாட்டம் 2005 வரை ஓடியது. நல்ல உறுதியான கிண்ணம், எங்கள் பக்கத்துப் பழம்பொருள் கடைகளில் அடுக்கடுக்காகக் கிடைக்கும். விற்பவர்கள் சிலர் தெரிந்தே ஊர்ப்பெயரை மட்டும் பெரிதாக எழுதி வைப்பதுண்டு.

செயிண்ட்பால்வாசி:
மிக்க நன்றி. நேற்றிரவு கணவரும் நானும் ஜாடியைச் சோதித்தோம். சிறகு நான்கு அங்குலம். அதற்குக் கீழே நீல நீள்வட்டத்தில் 'ரெட் விங் யூனியன் ஸ்டோன்வேர் கோ., ரெட் விங், மின்.' என்று இருக்கிறது. கைப்பிடி ஒன்றில் மரப்பிடி இல்லை, கம்பி மட்டும்தான். தட்டியபோது பின்பக்கம் ஓரிடத்தில் சத்தம் சப்பென்று இருந்தது. விளக்கடித்துப் பார்த்தால் விளிம்பிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு ஒரு சாண் அளவுக்கு இறங்குகிறது. அந்தக் கோட்டின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. துடைத்தால் போகிறது.

சூளைச்சாம்பல்:
விடை கிடைத்துவிட்டது. யூனியன் என்ற பெயர் 1906 முதல் 1936 வரைதான்; அதன்பின் ரெட் விங் பாட்டரீஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். ஆகவே ஜாடி 1915க்கும் 1936க்கும் இடைப்பட்டது. ஸ்டோன்வேர் செய்வதை 1947இல் நிறுத்திவிட்டு, மேசைப் பாத்திரங்களோடு 1967 வரை அந்த ஆலை நடந்தது. ஆறங்குலச் சிறகு உங்களுடைய நான்கங்குலத்துக்கு முந்தையது என்பதால் அதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

அந்த வெள்ளைப் பொடி உப்பு. இறைச்சியோ முட்டைக்கோஸோ உப்பில் ஊறிய ஜாடி அது. மண்ணுக்குள் இறங்கிய உப்பு இப்போது விரிசல் வழியாக வெளியே வருகிறது. ஈரம் பட்டு உலரும்போதெல்லாம் இப்படிப் பூக்கும். நாளடைவில் ஜாடியின் மேலுள்ள கண்ணாடி போன்ற பூச்சையும் பெயர்த்தெடுக்கும். ஈரமான நிலவறையில் வைக்காதீர்கள்.

விலைக்கு வருகிறேன். விரிசல் இல்லாத பத்து கேலன் ஜாடியே உங்கள் மாநிலத்தில் பெரிய தொகை பெறாது. பண்ணைக்குப் பண்ணை ஒன்று இருந்த பொருள், செய்த ஊரும் பக்கத்திலேயே இருக்கிறது. தொலைவிலுள்ளவருக்கு அனுப்பலாம் என்றால் பார்சல் செலவு ஜாடியின் விலையையே விழுங்கிவிடும். ஆகவே உள்ளூர் விலைதான் விலை. இந்த விரிசலோடு ஐம்பது டாலர் கிடைத்தால் நல்ல விலை என்பேன். பிசின் வைத்து அடைத்துப் பெயிண்ட் பூசி விற்க நினைக்க வேண்டாம். புற ஊதா விளக்கில் ஒட்டு வேலை தனியாகத் தெரியும், அதன்பின் யாரும் தொடமாட்டார்கள்.

ஊறுகாய்க்குக் கூடாது. இந்த வெள்ளைப் பூச்சு துத்தநாகம் கலந்தது, உப்புச் சரக்குக்காகவே செய்தது. பூச்சைப் பற்றி எனக்குப் பெரிய அச்சம் இல்லை. ஆனால் விரிசலுக்குள் என்ன ஊறியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நிலவறை ஜாடிகளில் மண்ணெண்ணெய், பெயிண்ட், எலி மருந்து வரை வைத்திருக்கிறார்கள். தவிர, பத்து கேலன் என்றால் முப்பத்தெட்டு லிட்டர். அம்மா எத்தனை எலுமிச்சை பிழிவார்கள்?

வடக்கு கரோலினா வசந்தி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஃபிரான்சிஸ்கன் என்ற அமெரிக்கப் பெயரில் வந்த 'டெசர்ட் ரோஸ்' தட்டுகள் இருக்கின்றன. அடியில் இங்கிலாந்து என்று இருக்கிறது. போலியா?

ஃபியெஸ்டா அடிமை:
போலி அல்ல வசந்தி, பிந்தியது. 1941இல் லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கிய வகை அது. 1979இல் வெட்ஜ்வுட் நிறுவனம் வாங்கி, 1984க்குப் பின் தயாரிப்பை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. கலிஃபோர்னியா முத்திரை உள்ளவற்றுக்குத்தான் சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள். அவற்றில் ரோஜா இதழ்களின் கைவேலை எடுப்பாக இருக்கும். உங்களுடையதை நிம்மதியாகச் சாப்பிடப் பயன்படுத்துங்கள்.

செயிண்ட்பால் சகோதரி, எல்லோரும் ஜாடியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு உங்கள் தட்டுகளும் அந்தப் பச்சைக் கிண்ணமும்தான் கண்ணில் நிற்கின்றன. அடியில் ஃபியெஸ்டா என்று (வண்ணத் தட்டு, கிண்ண வகை ஒன்றின் பெயர்) இருக்கிறதா? ஆம் என்றால், அவற்றைக் கவிழ்த்து அடி வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். பழையதில் அடி வளையம் வரை முழுவதும் பூச்சு இருக்கும். சூளையில் முள்தாங்கியின் மேல் நிறுத்திச் சுட்டதால் குண்டூசி குத்தியது போல மூன்று வடுக்கள் தெரியும். 1986க்குப் பின் வந்தவற்றில் வளையம் துடைத்துவிட்டது போல் பூச்சில்லாமல் சொரசொரவென்று இருக்கும். ஈயம் அற்றது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தாலும் அது புதியதே.

செயிண்ட்பால்வாசி:
அக்கா, தொட்டுப் பார்த்தேன். ஏழு தட்டுகளில் மூன்று வடுக்கள் இருக்கின்றன, ஃபியெஸ்டா முத்திரையும் இருக்கிறது. இரண்டு தட்டுகளின் வளையம் சொரசொரப்பு. பச்சைக் கிண்ணத்தில் பூச்சு முழுமையாக இருக்கிறது. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த வியாபாரி ஜாடியைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை, பச்சைக் கிண்ணத்தை மட்டும் சன்னல் பக்கம் எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு வைத்தார்.

ஃபியெஸ்டா அடிமை:
அதுதானே பார்த்தேன்!

முதலில் தட்டுகள். மேற்கு வர்ஜீனியாவின் நியூவெல்லில் இருந்த ஹோமர் லாஃப்லின் நிறுவனத்துக்காக ஃபிரெடரிக் ரீட் வடிவமைத்து 1936இல் வெளிவந்தவை. நீங்கள் ஆரஞ்சு என்பதை அவர்கள் சிவப்பு என்றே விற்றார்கள். அந்த நிறத்தைக் கொடுத்தது யுரேனியம் ஆக்சைடு. இரண்டாம் உலகப் போரின் நடுவில் யுரேனியம் அணுகுண்டுத் திட்டத்துக்குப் போய்விட்டதால் இந்த நிறம் நின்றது. 1959இல் வீரியம் குறைந்த யுரேனியத்தோடு திரும்பி வந்து 1972 வரை நீடித்தது. கதிரியக்கத்தை அளக்கும் கைகர் மானியை அருகில் கொண்டுபோனால் இன்றும் கடகடவென்று அடிக்கும். அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. அதில் சாப்பிட வேண்டாம். புளி, எலுமிச்சை சேர்ந்த எதையும் வைக்கவே வேண்டாம். பூச்சிலிருந்து யுரேனியமும் ஈயமும் உணவில் இறங்கும். சொரசொரப்பான இரண்டு தட்டுகளும் புதியவை, அவற்றில் தோசையே சாப்பிடலாம்.

கிண்ணத்தில் கவனம் தேவை. ஃபியெஸ்டாவில் பழைய பச்சைகளே பல. 1936 முதல் வந்த இளம்பச்சை சற்றுச் சாம்பல் கலந்தது, எங்கும் கிடைக்கும். ஐம்பதுகளில் கரும்பச்சையும் மஞ்சள் கலந்த கிளிப்பச்சையும் வந்தன. 1959க்கும் 1969க்கும் இடையில் மட்டும் வந்தது நடுப்பச்சை. அது நன்கு தெளிந்த, புல் போன்ற பச்சை. அந்தக் காலத்தில் ஃபியெஸ்டா விற்பனை சரிந்திருந்ததால் குறைவாகவே செய்தார்கள், அதனால்தான் இன்று அதற்கு இவ்வளவு கிராக்கி. ஒரே அச்சில் வார்த்த கிண்ணம் இளம்பச்சையில் காப்பிக் காசுக்கும் நடுப்பச்சையில் பல மடங்குக்கும் போகும்.

கைப்பேசிப் படத்தை நம்பி நிறம் சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது. பகல் வெளிச்சத்தில், மின்விளக்கை அணைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். கிண்ணத்தின் வாய் எத்தனை அங்குலம் என்றும் அளந்துகொள்ளுங்கள். ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான பழக்கிண்ணம் நடுப்பச்சையில் மிக அரிது.

நியூஜெர்சி குமரன்:
பார்த்தீர்களா, விற்காதீர்கள் என்று நான்தான் முதலில் சொன்னேன்.

சூளைச்சாம்பல்:
தம்பி, நீங்கள் சொன்னது ஜாடியை!

செயிண்ட்பால்வாசி:
வாய் நாலே முக்கால் அங்குலம். காலை வெயிலில் வைத்துப் பார்த்தேன், என் கண்ணுக்கு நல்ல புல் பச்சை, சாம்பல் சாயல் தெரியவில்லை. இதற்கிடையில் வியாபாரியிடம் தொலைபேசியில், ஜாடி, தட்டுகள், பழுப்புக் கிண்ணம் மூன்றையும் கொடுக்கிறேன், பச்சைக் கிண்ணம் இல்லாமல் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, கிண்ணமும் சேர்ந்தால் 250, இல்லையென்றால் 60 என்றார்.

ஃபியெஸ்டா அடிமை:
அவரே மதிப்பீடு செய்து கொடுத்துவிட்டார், கட்டணம் இல்லாமல்! அந்த 60ஐயும் இப்போதைக்கு வாங்க வேண்டாம், ஏழு பழைய தட்டுகளைத் தனியாக விற்றாலே அதைத் தாண்டும். கிண்ணத்தை ஃபியெஸ்டா தெரிந்த ஒருவர், உறுதியான நடுப்பச்சைத் துண்டு ஒன்றோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அதுவரை பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள். விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்து, சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் படத்தோடு சொல்லுங்கள், விலை அதைப் பொறுத்துப் பாதியாகும்.

சூளைச்சாம்பல்:
ஜாடியை விற்க அவசரம் இல்லையென்றால் ரெட் விங் சேகரிப்பாளர்கள் ஆண்டுதோறும் ஜூலையில் அந்த ஊரிலேயே கூடுகிறார்கள், அங்கே விசாரியுங்கள். மரப்பிடி மட்டும் தனியாகத் தேடுபவர்களும் வருவார்கள். அம்மாவுக்கு ஒரு கேலன் அளவில் புதிய ஸ்டோன்வேர் ஜாடி வாங்கிக் கொடுங்கள், உணவுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து.

செயிண்ட்பால்வாசி:
அப்படியே செய்கிறேன் ஐயா. அம்மாவிடம் முப்பத்தெட்டு லிட்டர் என்று சொன்னேன். "அதனால் என்ன, தெருவுக்கே கொடுக்கலாம்" என்கிறார். விரிசலைக் காட்டிய பிறகுதான் இறங்கி வந்தார். கிண்ணத்தின் நிறம் உறுதியானதும் இங்கேயே எழுதுகிறேன்.