'கிலியட்' மாதிரி இன்னொரு அமெரிக்க நாவல் வேண்டும்

என் தோழிக்கு அடுத்து எந்த அமெரிக்க நாவலைக் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிறேன். மெரிலின் ராபின்சனின் 'கிலியட்' (2004) என்றால் அவருக்கு உயிர். அயோவாவில் ஒரு வயதான போதகர், தன் சின்ன மகன் வளர்ந்தபின் படிக்கட்டும் என்று எழுதும் நீண்ட கடிதம் அது. அதே ஊர்க் கதைகளான 'ஹோம்', 'லைலா' இரண்டையும் முடித்துவிட்டார். அப்புறம் கென்ட் ஹாரஃபின் 'ப்ளெயின்சாங்' கொடுத்தேன். மாடு வளர்த்தே காலம் கழித்த வயதான அண்ணன் தம்பி, வீட்டைவிட்டு விரட்டப்பட்ட கர்ப்பிணிப் பெண்ணுக்கு இடம் கொடுக்கிறார்களே, அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார். கார்மக் மெக்கார்த்தியின் 'தி ரோட்' பாதியில் நின்றுபோனது. அருமையான நாவல்தான், ஆனால் அதில் வரும் அழிந்துபோன உலகத்தின் சாம்பலையும் பசியையும் அவரால் தாங்க முடியவில்லை. பெருநகரக் கதைகளும் ஒட்டவில்லை.

2000க்குப் பின் வந்தது, சின்ன ஊர், நிதானமான நடை, 300 பக்கத்துக்குள் என்றால் எதைக் கொடுக்கலாம்?