ழகரத்தில் மாட்டிய நிப்

போன மாதம் ஃப்ளெக்ஸ் நிப் பேனா ஒன்று வாங்கினேன். அழுத்தினால் நிப்பின் இரண்டு கால்களும் விரிந்து கோடு தடிக்கும், கையைத் தளர்த்தினால் மெலியும். யூடியூபில் ஒருவர் அப்படி ஒன்றை வைத்து ஆங்கிலத்தில் வளைத்து வளைத்து எழுதுவதைப் பார்த்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு ஆர்டர் போட்ட ஆள் நான்.

புது நிப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் என்பதால், பாத்திரம் விளக்கும் சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் அலசிவிட்டு ராயல் ப்ளூ மை நிரப்பினேன். முதல் கோடு அருமை. மெல்லிசாகத் தொடங்கி, நடுவில் தடித்து, மறுபடி மெலிந்தது. ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஈர மை மின்னியது. அடுத்த கோட்டிலேயே தகராறு. நடுவில் வெள்ளையாக விட்டுவிட்டு ஓரங்களில் மட்டும் இரண்டு கோடு விழுந்தது. எட்டிப் பார்த்த மகள், "என்னப்பா, தண்டவாளம் போடுறீங்களா?" என்றாள். பேனா பிரியர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரும் கிட்டத்தட்ட அதுதான். கால்கள் விரிகிற வேகத்துக்கு, நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் கட்டை ஈடுகொடுத்து மை தராவிட்டால், இடையில் நிற்கும் மைப்படலம் அறுந்துபோகும்.

நல்லவேளை, என் பேனாவில் கட்டை எபோனைட். கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர், சூடு பட்டால் கொஞ்சம் இளகும். நிப்பையும் கட்டையையும் சேர்த்துப் பிடித்து, கொதித்து இறக்கிய தண்ணீரில் அரை நிமிடம் முக்கி எடுத்து, துணியைச் சுற்றி இரண்டையும் அழுத்திப் பிடித்தேன். நடுவே இருந்த சந்து மறைந்தது. தண்டவாளமும் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சக் கால்வாசி என் கையின் குற்றம். பால்பாயிண்ட் பிடித்துப் பழகிய கை, விரட்டிக்கொண்டு எழுதுகிறது.

சரி, இனி தமிழ். 'ப', 'ட' இரண்டும் அம்சமாக வந்தன. இறங்கும் கோடு தடிமன், படுக்கைக் கோடு மெல்லிசு, 'ப'வில் ஏறும் கோடு மயிரிழை. மூன்று சுழி 'ண'வுக்கு வந்தபோது முதல் சுழி மையில் அடைந்து பொட்டாகிவிட்டது. 'ழ'வில்தான் வசமாக மாட்டினேன். வாலைச் சுழித்துத் திருப்பும் இடத்தில் அழுத்தத்தை விட மறந்தேன். ஒரு கால் தாளின் நாரில் குத்தி நின்று, சட்டென்று விடுபட்டுத் தெறித்தது. பனியனில் ஏழெட்டு நீலப் புள்ளிகள். அந்தப் பனியன் இப்போது பைக் துடைக்கிறது.

யோசித்துப் பார்த்தால் பேனாவைக் குறை சொல்ல முடியாது. காப்பர்பிளேட் என்கிற ஆங்கில அலங்கார எழுத்து, இறங்கும்போது அழுத்து, ஏறும்போது விடு என்ற கணக்கிலேயே வளர்ந்தது. நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறிப் பழகியது. அங்கே எல்லாக் கோடும் ஒரே தடிமன். சுழியும் கொக்கியுமாக அடிக்கடி திசை மாறும் எழுத்தில் எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய வாட்டர்மேன் 52 பேனாவை ஒரு பக்கம் எழுதிப் பார்க்கக் கொடுத்தார். அது தங்க நிப், சாதியே வேறு. என் ஸ்டீல் நிப்பை அமுக்க வேண்டியிருக்கிறது. அதுவோ தொட்டாலே நாணல் மாதிரி வளைந்து, விட்டதும் நேராகிறது. விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது மகளின் இரட்டைக்கோடு நோட்டில் தினம் ஒரு பக்கம், எழுத்தைப் பெரிதாக்கி, ஆமை வேகத்தில் எழுதுகிறேன். பெரிதாக எழுதினால் சுழி அடைவதில்லை. ஜெராக்ஸ் தாளில் மை ஊறிப் பரவுகிறது, அது சரிப்படவில்லை. தடித்த கோடு காயவும் நேரமாகும். பள்ளிக்கூடத்தில் செய்தது போல சாக்பீஸை மேலே உருட்டி மையை உறிஞ்சிக்கொள்கிறேன். நேற்று மகள் தன் நோட்டு லேபிள்களைக் கொண்டுவந்து பெயர் எழுதித் தரச் சொன்னாள். நான்கு எழுதினேன். மூன்று தேறின.