கலைச்சொல் விவாதம்: யோசேப்பும் எஸ்தரும் ஒத்து வருவதைச் சொல்ல 'கதை எதுகை'

அன்புள்ள குழுவினருக்கு,

எபிரேய விவிலியத்தில் ஒருவர் கதையைப் படிக்கும்போது இன்னொருவர் கதை நினைவுக்கு வரும்படி எழுதியிருக்கிறார்கள். அந்த உத்திக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்பதுதான் இந்த இழையின் கேள்வி. வந்த பரிந்துரைகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிவிட்டு என் சொல்லை முன்வைக்கிறேன்.

> 'முன்னடையாளம்' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே. புதுச்சொல் எதற்கு ஐயா?

அது திருச்சபை வழக்கில் ஊறிய சொல். முன்னவர் நிழல், பின்னவர் நிஜம் என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. யோசேப்பும் எஸ்தரும் அப்படியா? இருவரும் அந்நிய அரசவையில் உயர்ந்த இஸ்ரவேல் குலத்தவர். எகிப்து அரசனான பார்வோன் தன் மோதிரத்தைக் கழற்றி யோசேப்புக்குப் போட்டு, நல்ல உடை உடுத்தி, தேரில் ஏற்றி, முன்னே ஆள்விட்டுக் கூவச் சொல்கிறான். எஸ்தர் கதையில் அவளை வளர்த்த உறவினன் மொர்தெகாய்க்கு அரச உடையும் குதிரையும் முன்னே ஒருவன் கூவிப்போவதும் கிடைக்கின்றன; பிறகு அரசனின் மோதிரமும் அவன் கைக்கு வருகிறது. யோசேப்பின் தம்பி பென்யமீனை எகிப்துக்கு அனுப்பும்போது அவர்கள் அப்பா யாக்கோபு 'பிள்ளைகளை இழந்தால் இழந்தேன்' என்கிறான். அழைப்பில்லாமல் அரசன்முன் போகத் துணியும் எஸ்தர் 'அழிந்தால் அழிந்தேன்' என்கிறாள். எபிரேயத்தில் இரண்டும் ஒரே வாக்கிய அமைப்பு. எஸ்தரை எழுதியவர் யோசேப்பு கதையை மனத்தில் வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறார் என்று நம்புகிறேன். ஆனால் யோசேப்பு எஸ்தருக்காகக் காத்திருந்த நிழல் அல்ல. அவன் கதை அவனளவில் முழுமையானது.

> 'இணைப்பாத்திரம்' எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் கேட்டவுடன் துணை நடிகர் நினைவுக்கு வருகிறார். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தச் சொல் ஆட்களை மட்டும் காட்டுகிறது. ஒற்றுமை பல இடங்களில் சொற்களில்தான் இருக்கிறது. இதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 37ஆம் அதிகாரத்தில் அண்ணன்மார் வெள்ளாட்டுக்கடா ஒன்றை அடித்து, யோசேப்பின் அங்கியை அந்த இரத்தத்தில் தோய்த்து அப்பாவிடம் அனுப்புகிறார்கள். கூடவே போகிற சொல் 'ஹக்கெர் நா': இது உம் மகனுடைய அங்கிதானா, அடையாளம் பாரும். யாக்கோபு அடையாளம் காண்கிறான். தவறான முடிவுக்கு வருகிறான். அடுத்த அதிகாரத்தில், அந்த அண்ணன்மாரில் ஒருவனான யூதாவின் மருமகள் தாமார். முகம் மூடியிருந்த அவளை யாரோ விலைமகள் என்று நினைத்துச் சேர்ந்து, கூலியாக வெள்ளாட்டுக் குட்டி அனுப்புகிறேன் என்று யூதா வாக்குக் கொடுத்து, முத்திரையையும் கயிற்றையும் கைக்கோலையும் அடகாக வைத்துப் போனவன். தாமார் கர்ப்பம் என்று கேட்டு, அவளைக் கொண்டுபோய் எரியுங்கள் என்கிறான். அவள் கூச்சல் போடவில்லை. அந்த மூன்று பொருளையும் அனுப்பி அதே சொல்லைச் சொல்கிறாள்: 'ஹக்கெர் நா'. யூதா அடையாளம் காண்கிறான். 'என்னைவிட அவள் நீதியுள்ளவள்' என்கிறான்.

இதை நவீன ஆய்வாளர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரேஷித் ரப்பா என்ற பழைய மித்ராஷ் (யூத மறைநூல் விளக்கம்) தொகுப்பு இதை நேராகவே சொல்கிறது: நீ உன் அப்பாவிடம் 'ஹக்கெர் நா' என்றாய், தாமார் உன்னிடம் 'ஹக்கெர் நா' என்பாள் என்று கடவுள் யூதாவிடம் சொன்னதாக. ஒரு சொல்லைக் காதில் வாங்கி, அடுத்த அதிகாரம்வரை மறக்காமல் வைத்திருந்த வாசகர்கள் அவர்கள். இன்னும் பின்னால் போனால், யாக்கோபே கையிலும் கழுத்திலும் ஆட்டுக்குட்டித் தோலைக் கட்டி, அண்ணன் உடையை உடுத்திக்கொண்டு தன் அப்பாவை ஏமாற்றியவன். ஆடும் உடையும் அவனுக்கே திரும்பி வருகின்றன. எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும் இடம் இது.

> 'உள்ளுறை' என்ற தொல்காப்பியச் சொல்லை மீட்டெடுக்கலாமே.

ஆசை எனக்கும் உண்டு. ஆனால் உள்ளுறையில் விலங்கு, பறவை, மரம் போன்ற நிலத்தின் கருப்பொருள்கள் மனிதரின் நிலையைக் குறிப்பால் உணர்த்துகின்றன. இங்கே மனிதருக்கு மனிதர், கதைக்குக் கதை. அதை வேறு வேலைக்கு இழுத்தால் இரண்டும் குழம்பும்.

சரி, என் பரிந்துரை: கதை எதுகை.

'அகர முதல' என்று தொடங்கும் குறளில் 'அகர', 'பகவன்' இரண்டுக்கும் முதலெழுத்து வேறு, இரண்டாம் எழுத்து ஒன்று. தொடங்கும் ஆள் வேறு, அடுத்து நடப்பது ஒன்று என்ற நம் விஷயமும் அப்படியே. 'அகர' 'பகவனு'க்கு நிழலும் இல்லை. இரண்டும் சேரும்போதுதான் ஓசை பிறக்கிறது. எதுகைக்கு இன்னொரு விதி உண்டே, முதலெழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும் என்று. குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். அதையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஒரு சொல் இரண்டு இடத்தில் வந்தால் மட்டும் போதாது, சூழலின் கனமும் ஒத்திருக்க வேண்டும்.

எதுகை, மோனை, முரண் எல்லாவற்றையும் அடக்கும் 'தொடை'யை எடுத்துக் 'கதைத்தொடை' என்று வைக்கவும் யோசித்தேன். ஆபிரகாமின் வேலைக்காரன் எஜமானின் தொடையின்கீழ் கை வைத்துச் சத்தியம் செய்யும் கதையையும் நாம் பேச வேண்டியிருக்கும். வாசகர் தடுமாறுவார். விட்டுவிட்டேன்.

அந்த வேலைக்காரன் ரெபெக்காளைக் கிணற்றடியில் பார்ப்பது, யாக்கோபு ராகேலைப் பார்ப்பது, மோசே மீதியானில் சிப்போராளைப் பார்ப்பது, இவற்றுக்கு வேறு சொல் வேண்டும். ஹோமர் ஆய்விலிருந்து விவிலிய இலக்கிய ஆய்வாளர் ராபர்ட் ஆல்ட்டர் எடுத்தாண்ட 'டைப் சீன்' அது. கேட்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வாய்பாட்டுக் காட்சி. 'மரபுக்காட்சி' எனலாம். அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

கடைசியாக ஒரு சோதனை. நோவாவின் கப்பலுக்கும் குழந்தை மோசேயைக் கிடத்திய பெட்டிக்கும் எபிரேயத்தில் ஒரே சொல், 'தேவாஹ்'. முழு எபிரேய விவிலியத்திலும் இந்த இரண்டு கதைகளில்தான் அது வருகிறது. இரண்டிலும் தண்ணீர், இரண்டிலும் சாவிலிருந்து தப்பும் உயிர். அளவும் ஒக்கிறது, சொல்லும் ஒக்கிறது. ஐயமில்லாமல் கதை எதுகை. நம் பழைய மொழிபெயர்ப்பில் நோவாவுக்குப் 'பேழை', மோசேக்கு 'நாணற்பெட்டி'. தமிழில் மட்டும் படிப்பவர் காதில் இது விழ வழியே இல்லை. அகராதிப் பதிவில் எடுத்துக்காட்டாக இதையே முதலில் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

சொல்லைப் பிரித்தே எழுதலாமா, 'கதையெதுகை' என்று சேர்த்து எழுதலாமா என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். வினையாக 'எதுகை கொள்கிறது' என்று எழுதிப் பார்த்தேன்: 'எஸ்தர் கதை யோசேப்பு கதையோடு எதுகை கொள்கிறது.' எனக்கு இயல்பாகவே படுகிறது. உங்களுக்கு?