இருதயத்தின் நினைவு எப்படியோ அப்படியேன்னா, நினைப்புதான் நாமளா?

ஸ்கூட்டர்_ராஜன்:
அப்பா சொத்து பாகம் பிரிச்சதுல எங்க அண்ணன்கூட பேச்சு நின்னு நாலு வருஷம் ஆச்சு. தினம் வேலைக்கு போற இருபது நிமிஷமும் மனசுக்குள்ள அவன்கூட சண்டைதான், நான் ஒரு கேள்வி கேப்பேன், அவன் முழிப்பான், தினமும் நான்தான் ஜெயிப்பேன். போன மாசம் என் பொண்ணு "ஏம்ப்பா எல்லார்ட்டயும் கேஸ் நடத்துற மாதிரியே பேசுறீங்க"ன்னு கேட்டுட்டா. நைட்டு முழங்கால் போட்டாலும் ஜெபம் வரமாட்டேங்குது, அதே வாக்குவாதம்தான் ஓடுது. "அவன் இருதயத்தின் நினைவு எப்படியோ, அப்படியே அவனும் இருக்கிறான்"னு நீதிமொழிகள் 23:7 சொல்றது சும்மா இல்ல. தினம் எத நினைக்கிறோமோ அதுதான் குணம், குணம் கெட்டா கர்த்தரோட ஐக்கியமும் போச்சு.

மேரி_அக்கா:
தம்பி, 6ம் வசனத்துல இருந்து படிங்க. வன்கண்ணன், அதாவது கஞ்சன், அவன் வீட்டு சாப்பாட்ட சாப்பிடாதேன்னு ஆரம்பிக்குது. சாப்பிடு குடின்னு வாய் சொல்லும், மனசு எத்தன இட்லி போச்சுன்னு எண்ணிட்டு இருக்கும், அந்த ஆள பத்தின வசனம் இது. அங்க 'நினைவு'ன்னு வர்ற எபிரெய வார்த்தைக்கே கணக்குப் போடுறதுன்னுதான் அர்த்தம். இத தனியா புடுங்கி "உன் நினைப்புதான் நீ"ன்னு பிரசங்கம் பண்ணதுல எங்க சொந்தக்கார பொண்ணு ஒருத்தி ரெண்டு வருஷம் ஆலயத்துல குடுக்கிற அப்பமும் ரசமும், அந்தத் திருவிருந்தே எடுக்கல. இயேசப்பாவ திட்டுற மாதிரி நினைப்பு தானா வருதாம், ஆலயத்துல உக்காந்தா இன்னும் அதிகமா வருதாம். கடைசில டாக்டர்ட்ட போனாதான் ஓசிடின்னு தெரிஞ்சுது, வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து படுத்துற மனநோய் அது. அதுவரைக்கும் உபவாசம் இரு, பாவத்த அறிக்கை பண்ணுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க.

ஸ்கூட்டர்_ராஜன்:
அந்த பொண்ணுக்கு நடந்தது தப்புதான். ஆனா வன்கண்ணன் கதை எனக்குத்தான் சாதகம் அக்கா, எண்ணி எண்ணித்தானே அவன் வன்கண்ணன் ஆனான்? பிலிப்பியர் 4:8ல உண்மையுள்ளதையும் நீதியுள்ளதையும் சிந்திச்சிட்டே இருங்கன்னு பவுல் காவல்ல கட்டுண்டு கிடக்கும்போதுதான் எழுதுறாரு. நினைப்பு நம்ம கைல இல்லன்னா அப்படி எதுக்கு சொல்லணும்?

ஞாயிறு_வாத்தியார்:
ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பழைய ஆள கொண்டாறேன். எவாக்ரியுஸ்னு ஒரு துறவி, எகிப்து வனாந்தரத்துல இருந்து 399ல இறந்தவரு. மனுஷனை அலைக்கழிக்கிற எண்ணங்கள எட்டா பிரிச்சது அவருதான், அதுதான் பின்னாடி மேற்கத்திய சபைல ஏழு பாவம்னு மாறுச்சு. எண்ணம் வர்றதும் வராததும் நம்ம கைல இல்ல, அது தங்குறதும் தங்காததும்தான் நம்ம கைலன்னு அவர் சொல்றாரு. அடுத்து, மோட்சப் பிரயாணம்ங்கற கதைப் புத்தகம் எழுதின இங்கிலாந்து போதகர் ஜான் பனியன். "கிறிஸ்துவை வித்துப்போடு, வித்துப்போடு"ன்னு ஒரு வருஷமா மண்டைக்குள்ள ஒரே குடைச்சல், சாப்பிட உக்காந்தாலும் விடலன்னு 1666ல அவரே எழுதி வச்சிருக்காரு. மேரி அக்கா சொன்ன பொண்ணு மாதிரியே இல்ல?

மேரி_அக்கா:
பனியன் சரி சார். ஆனா அந்த எகிப்து ஐயா சொன்னதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. அந்த பொண்ணுக்கு நினைப்பு தங்கிட்டுதான் இருந்துச்சு, தங்குறதுதான் அந்த நோயே, விரட்ட விரட்ட இன்னும் ஒட்டிக்கும். அவ ஒவ்வொரு நிமிஷமும் அத வெறுத்து அழுதா. ராஜன் தம்பி கதை வேற, "தினமும் நான்தான் ஜெயிப்பேன்"னு நீங்களே சொன்னீங்க. உங்களுக்கு அது ருசியா இருக்கு தம்பி. எவ்வளவு நேரம் தங்குதுன்னு பாக்காதீங்க, உக்கார நாற்காலி போட்டு காபி குடுத்தது யாருன்னு பாருங்க.

அப்புறம் ஜெபம் வரலன்னா தேவன் தூரம் போயிட்டாருன்னும் சொல்லாதீங்க. 88ம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருட்டுதான், ஒரு ஸ்தோத்திரம் கூட கிடையாது, அதுவும் வேதத்துலதான் இருக்கு.

விசுவாசி77:
ஆமென் 🙏 எல்லாரும் பாசிட்டிவா நினைங்க, பாசிட்டிவா நடக்கும்

ஞாயிறு_வாத்தியார்:
ஐயா, அது வேற கடை.

ஸ்கூட்டர்_ராஜன்:
ருசின்னு சொன்னது குத்துது அக்கா, ராத்திரி பூரா அதையே யோசிச்சிட்டு இருந்தேன். ஆனாலும் பழகுன நினைப்பு குணமா மாறும்ங்கறத நான் விடமாட்டேன், நானே அதுக்கு சாட்சி. நோய்ல கிடக்கிறவங்க தலைல அத கட்டக்கூடாது, அது வரைக்கும் ஒத்துக்கிறேன்.

மேரி_அக்கா:
அப்ப மத்தேயு 5:24? காணிக்கைய அங்கயே வச்சிட்டு முதல்ல சகோதரனோட ஒப்புரவாகுன்னு இருக்கே, நினைப்ப சரி பண்ணிட்டு அப்புறம் போன்னு இல்லயே. போன் போட்டீங்களா?

ஸ்கூட்டர்_ராஜன்:
போடலாம் அக்கா. ஆனா ரெண்டு பக்கமும் கணக்கு போட்டு பாத்தா, முதல்ல பேச வேண்டியது அவன்தான்.