கலைச்சொல்: நடமாடும் "ஏர் ஃபிளஷ்" கழிப்பறைக்கு என்ன பெயர் வைக்கலாம்?

எழுதியவர்: ந.

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

திருவிழா, மாநாடு, வெள்ள நிவாரண முகாம் போன்ற இடங்களுக்கு இழுத்துச்சென்று நிறுத்தும் கழிப்பறை வண்டி ஒன்றின் இயக்கக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். நான்கு அறைகள், அடியில் 500 லிட்டர் எஃகுத் தொட்டி ஒன்று, ஒரு வெற்றிட பம்ப், 200 லிட்டர் நல்ல தண்ணீர்த் தொட்டி. விற்பவர்கள் இதை "ஏர் ஃபிளஷ்" என்கிறார்கள். கையேட்டைப் படிக்கப்போவது வண்டியை ஓட்டிச்செல்பவரும் அதைப் பராமரிப்பவரும். அகராதிக்கு மட்டுமான சொல்லாக இருந்தால் அவர்களுக்குப் பயன்படாது.

வேலை செய்யும் முறை இது. பம்ப் ஓடித் தொட்டியில் அழுத்தத்தை மைனஸ் 0.5 பாருக்கு, அதாவது வெளிக்காற்றைவிட அரை பார் குறைவாக, இறக்கி நின்றுவிடும். மைனஸ் 0.35க்கு ஏறினால் தானாக மறுபடி ஓடும். உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்தியதும் கோப்பையின் விளிம்பைச் சுற்றியுள்ள துளைகளிலிருந்து ஏறக்குறைய 200 மில்லி நீர் பீய்ச்சும். உடனே அடியிலுள்ள வால்வு இரண்டு மூன்று நொடி திறக்கும். கோப்பையில் உள்ளது காற்றோடு சேர்ந்து தொட்டிக்குப் போய்விடும். வால்வு மூடிய பிறகு இன்னும் 300 மில்லி நீர் வந்து கோப்பையின் அடியில் சிறிது தேங்கி நிற்கும். ஆக, ஒரு தடவைக்கு அரை லிட்டர். வீட்டுக் கழிப்பறைக்கு 6 முதல் 10 லிட்டர் ஆகிறது.

இதுவரை யோசித்த சொற்கள்: காற்றலசு கழிப்பறை, வெற்றிடக் கழிப்பறை, உறிஞ்சு கழிப்பறை, காற்றுந்துக் கழிப்பறை. "போர்ட்டபிள்" என்பதை வரைவில் ஒருவர் கையடக்கம் என்று எழுதியிருந்தார், நான் அடித்துவிட்டேன். நான்கு அறை வண்டி எந்தக் கையிலும் அடங்காது. மாநகராட்சிகள் ஏற்கெனவே சொல்லும் "நடமாடும்" போதும். மற்றவற்றுக்கு உங்கள் கருத்து வேண்டும்.

ந.

—

எழுதியவர்: ர.

வணக்கம் அம்மா.

"காற்றலசு" வேண்டாம். காற்று எதையும் அலசுவதில்லை. வீட்டுக் கழிப்பறையில் கோப்பையைக் கழுவுவது, மலத்தைத் தள்ளிக்கொண்டு போவது என்ற இரண்டு வேலையையும் தண்ணீரே செய்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்து "ஃபிளஷ்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்தக் கருவியில் அவை பிரிந்துவிடுகின்றன. அலசுவது நீர், அகற்றுவது காற்று. கையேடு முழுவதும் இந்த இரண்டையும் இரண்டு சொல்லால் சொல்லுங்கள்: அலசல், அகற்றல். பழுது பார்ப்பவருக்கு இதுதான் முதல் வழிகாட்டி. கோப்பை காலியாகிறது, ஆனால் ஓரங்களில் அழுக்கு நிற்கிறது என்றால் அலசலில் கோளாறு. தண்ணீர்த் தொட்டி, வடிகட்டி, விளிம்புத் துளை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நீர் நன்றாகப் பீய்ச்சுகிறது, ஆனால் கோப்பை காலியாகவில்லை என்றால் அகற்றலில் கோளாறு. பம்ப், வால்வு, குழாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். "ஃபிளஷ் வேலை செய்யவில்லை" என்ற ஒரே வரியில் புகார் வந்தால் பாதி நாள் தேடலிலேயே போய்விடும்.

"உறிஞ்சு" என்பதிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. தொட்டிக்குள் அழுத்தம் குறைவு, அறைக்குள் வழக்கமான காற்றழுத்தம். அறையின் காற்றுதான் கோப்பையில் உள்ளதைத் தள்ளிக்கொண்டு போகிறது. விமானத்தில் ஏறக்குறைய 16,000 அடிக்கு மேல் பம்ப்பே தேவைப்படாததற்கு இதுவே காரணம். அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிடுவதால், பயணிகள் அறைக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடே வேலையைச் செய்துவிடுகிறது.

ரயிலில் இன்னொரு விதம் உண்டு. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை கட்டி 2019இல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ரயிலில் இருப்பது பயோ வேக்யூம் கழிப்பறை (வெற்றிடத்தால் அகற்றி, நுண்ணுயிரால் கழிவை மக்கச்செய்வது). இவ்வகையில் கோப்பைக்கும் பெரிய தொட்டிக்கும் நடுவே சில லிட்டர் கொள்ளும் சிறிய தொட்டி ஒன்று இருக்கும். அழுத்தக் காற்றை ஒரு குறுகிய தாரையாக எஜெக்டர் வழியே விட்டு அந்தச் சிறுதொட்டியில் வெற்றிடம் உண்டாக்குவார்கள். கழிவு அதற்குள் வந்ததும் கோப்பைப் பக்க வால்வு மூடும். அதே அழுத்தக் காற்று இப்போது சிறுதொட்டிக்குள் போய்க் கழிவைப் பெரிய தொட்டிக்குத் தள்ளும். ஒரே சுற்றில் உறிஞ்சலும் உண்டு, தள்ளலும் உண்டு. இரண்டுக்கும் பொதுவான பெயராக "காற்றுந்து" சரியாக வரும். நடுவிலிருப்பதை "இடைத்தொட்டி" எனலாம்.

ர.

—

எழுதியவர்: சி., யாழ்ப்பாணம்

வணக்கம்.

ர. ஐயாவின் அலசல், அகற்றல் பிரிப்பை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் "காற்றுந்து" சிக்கல் தரும். பேருந்து, மகிழுந்து, சிற்றுந்து, இங்கே உந்துருளி என்று "உந்து" வாகனத்துக்கு ஒட்டிவிட்டது. "நடமாடும் காற்றுந்து" என்று பலகையில் எழுதினால் காற்றில் ஓடும் வண்டி என்றுதான் வாசிப்பார்கள். சக்கரம் வேறு இருக்கிறது.

என் முன்மொழிவு "காற்றுவிசைக் கழிப்பறை". விசைத்தறி, விசைப்படகு வரிசையில் இது இயல்பாக உட்காரும். காற்று தள்ளினாலும் இழுத்தாலும் விசை விசைதான். இலங்கைப் பாடநூல்களில் வளி, அமுக்கம், தாங்கி என்று எழுதுகிறோம்; நீங்கள் காற்று, அழுத்தம், தொட்டி என்கிறீர்கள். "காற்று" இரண்டு பக்கமும் புரியும், அதனால் "வளி" வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. கழிப்பறையை இங்கே மலசலகூடம் என்போம். இலங்கைப் பதிப்பில் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பெயரைவிடக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கையேட்டின் மூலத்தில் தொட்டியின் கொள்ளளவை எத்தனை பாவனை (பயன்பாடு) என்று கணக்கிட்டிருப்பார்கள். அது காகிதம் பாவிப்போருக்கான கணக்கு. நம்மவர்கள் தண்ணீரால் கழுவுவோம். 500 லீற்றர் தாங்கியில் ஐந்தில் நான்கு பங்கு நிரம்பியதும் மிதவை ஆளி (சுவிட்ச்) பம்பை நிறுத்தும் என்று வைத்தால், கொள்வது 400 லீற்றர். அலசலுக்கு 0.5, கழிவு 0.4, ஆக 0.9 லீற்றர், ஏறக்குறைய 440 தடவை வரும். கழுவும் தண்ணீர் 1.5 லீற்றர் சேர்ந்தால் 2.4 லீற்றர் ஆகும். 165 தடவையோடு தாங்கி நிரம்பிவிடும். மூலத்தின் எண்ணை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால் திருவிழாவின் முதல் நாள் மத்தியானமே வண்டி நின்றுவிடும்.

வாளித் தண்ணீரையும் கையேட்டில் தடை செய்யுங்கள். ஐந்து லீற்றரை ஒரே மூச்சில் ஊற்றினால், வால்வு திறந்திருக்கும் இரண்டு மூன்று செக்கனில் அத்தனையும் போய்ச்சேராது. பாதி குழாயிலே நிற்கும், அடுத்தவருக்கு வெற்றிடமும் குறைந்திருக்கும். கழுவுவதற்குக் கைக்குழாய் வைத்து, அதன் ஓட்டத்தைக் குறைத்துவிடுவது நல்லது.

சி.

—

எழுதியவர்: மு.

வணக்கம் அம்மா, ஐயா.

"காற்றுவிசை"க்கு என் ஓட்டு. பட்டறையில் வாயில் வரும். பராமரிப்புப் பகுதியில் உள்ள சொற்களைப் பற்றிச் சில குறிப்புகள் சொல்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு பழுதோடு சேர்ந்தது.

ஹோல்டிங் டேங்க்: இதை யாராவது "செப்டிக் டேங்க்" என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே கழிவு மக்குவதில்லை, நிற்க மட்டும் செய்கிறது. "தேக்குத் தொட்டி" என்றால் நிரம்பும், காலி செய்ய வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது. பழுதானால் வீட்டு மாடியில் வைக்கும் பிளாஸ்டிக் தொட்டியை மாட்டலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மைனஸ் 0.5 பாரில் ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரையும் வெளிக்காற்று ஏறக்குறைய ஐந்து டன் எடையால் அழுத்துகிறது. பிளாஸ்டிக் தொட்டி நசுங்கிவிடும். இந்த எண்ணைக் கையேட்டிலேயே போடுங்கள்.

கோப்பைக்கு அடியிலுள்ள வால்வு: இரண்டு விதம் உண்டு. எஃகுத் தகடு நகர்ந்து மூடுவதைத் "தகட்டு வால்வு" எனலாம். இன்னொன்றில் தடித்த ரப்பர் குழல் ஒன்றை வெளியிலிருந்து காற்றால் அமுக்கி மூடுவார்கள். "இறுக்கு வால்வு" என்று வைக்கலாம். வேறுபாடு முக்கியம். இறுக்கு வால்வில் அழுத்தக் காற்று போய்விட்டால் குழல் தளர்ந்து வாய் திறந்துகொள்ளும், தொட்டி நாற்றம் அறைக்கு வரும். நாற்றம் வந்தால் முதலில் அழுத்தக் காற்று தரும் கம்ப்ரஸரைப் பாருங்கள். தகட்டு வால்வில் அப்படியில்லை. நாற்றம் என்றால் தகட்டின் ஓர ரப்பரில் நாப்கின், துணி, படிந்த கல் ஏதோ மாட்டியிருக்கும்.

பம்ப் நிற்காமல் ஓடினால் எங்கோ காற்று கசிகிறது. நான்கு அறைகளின் அடைப்பு வால்வுகளையும் மூடிவிட்டு, கேஜைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். எதைத் திறந்ததும் முள் பூஜ்யத்தை நோக்கி இறங்குகிறதோ அந்த அறைதான். நான்கும் மூடியிருக்கும்போதே இறங்கினால் தொட்டியிலிருந்து கழிவை வெளியேற்றும் கடைவால்வு அல்லது பம்ப் பக்கத்து இணைப்பு. வண்டி புதிதாக வந்த அன்றே பம்ப்பை நிறுத்திவிட்டு, மைனஸ் 0.5இலிருந்து 0.35க்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஒப்பிட வேறு அளவு கிடையாது. கேஜுக்கு "வெற்றிடமானி" சரியான சொல்தான், ஆனால் பக்கத்தில் கேஜ் என்றும் இருக்கட்டும்.

பம்ப்புக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள கண்ணாடிக் கிண்ணம் "ஈரப்பொறி". அதில் தண்ணீர் தெரிந்தால் அன்றே வடித்துவிட வேண்டும். அங்கிருந்து தண்ணீர் பம்ப்புக்குள் போனால் சுழல் தகடுகள் தேய்ந்து உடையும். கடலோர ஈரக்காற்றில் கம்ப்ரஸர் தொட்டியையும் தினமும் வடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரத்தால் காற்றைத் திறந்து மூடும் சோலினாய்டு வால்வில் துரு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

அதிகம் வரும் பழுது மூத்திரக் கல். அலசும் நீர் குறைவு என்பதால் சிறுநீர் செறிவாகப் போகிறது. போர்வெல் உப்புநீரிலுள்ள கால்சியம் அதோடு சேர்ந்து குழாயின் உட்சுவரிலும் வால்வு விளிம்பிலும் கல்லாகப் படிகிறது. குழாயின் வழி மெல்ல மெல்லக் குறுகும், ஓட்டம் தளரும். கல்லைக் கரைக்க சிட்ரிக் அமிலம்: 10 லிட்டர் நீரில் 500 கிராம். வாரத்துக்கு ஒருமுறை இரவில் ஒவ்வொரு கோப்பையிலும் அரை லிட்டர் ஊற்றி அகற்றல் பொத்தானை அழுத்தி, பிறகு இன்னொரு அரை லிட்டரை ஊற்றிக் காலை வரை நிற்கவிட வேண்டும். கடையில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வேண்டாம், எஃகுக் கோப்பையைத் தின்றுவிடும். சிட்ரிக் அமிலமோ வேறு எந்த அமிலமோ, பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் சேரக்கூடாது. குளோரின் வாயு வரும். நான்கடிக்கு நான்கடி அறையில் அது உயிரை வாங்கும். இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

மு.

—

எழுதியவர்: ர.

மு. அவர்களின் பட்டியலோடு தொட்டி காலி செய்யும் வரிசையைச் சேர்க்க வேண்டும். இதில் சொல் தெளிவாக இல்லாவிட்டால் ஆபத்து. முதலில் பம்ப்பை அணைத்து, தொட்டிக்குள் வெளிக்காற்றை விடும் காற்றுத் திறப்பைத் திறந்து, கேஜ் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். வெற்றிடம் இருக்கும்போதே கடைவால்வைத் திறந்தால் கழிவு வெளியே வராது. வெளிக்காற்று உள்ளே பாயும். இதை அடைப்பு என்று நினைத்துக் கம்பியை விட்டுக் குத்துவார்கள். கேஜ் பூஜ்யம் ஆன பிறகு லாரியின் குழாயைக் கேம்லாக் என்ற குழாய் இணைப்பில் மாட்டி, அதன் பிறகே கடைவால்வைத் திறக்க வேண்டும். காற்றுத் திறப்பு கடைசி வரை திறந்தே இருக்கட்டும். காலியானதும் நான்கு கோப்பைகளிலும் சேர்த்து மொத்தம் 20 லிட்டர் நீர் விட்டு, அதையும் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

வண்டியை நிறுத்தும்போதே கடைவால்வு உள்ள பக்கம் சற்றுத் தாழ இருக்கும்படி ஜாக்கை வைக்கச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் தாழ்ந்தால் கசடு அங்கேயே தங்கி இறுகும். இறுகிய கசடை எடுக்க ஒருவரை உள்ளே இறக்கும் எண்ணமே வரக்கூடாது. கையால் மலம் அள்ளும் வேலைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருப்பது ஒருபுறம். ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு தேங்கிய தொட்டியில் இறங்குபவர் ஏறி வருவதில்லை என்பது மறுபுறம். "ஆள் நுழைவாய்" என்று அந்த மூடிக்கு மூலத்தில் இருந்தால் அப்படியே பெயர்க்காதீர்கள். "ஆய்வு மூடி" என்று எழுதுங்கள். ஆள் நுழைவதற்கான வாய் என்று பெயரே அழைக்கக் கூடாது.

ர.

—

எழுதியவர்: ந.

அனைவருக்கும் நன்றி. கையேட்டில் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: நடமாடும் காற்றுவிசைக் கழிப்பறை, அலசல், அகற்றல், இடைத்தொட்டி, தேக்குத் தொட்டி, தகட்டு வால்வு, இறுக்கு வால்வு, ஈரப்பொறி, கடைவால்வு, காற்றுத் திறப்பு, ஆய்வு மூடி. பம்ப், வால்வு, கேஜ், கம்ப்ரஸர், கேம்லாக், சோலினாய்டு அப்படியே இருக்கும். கொள்ளளவில் சி. அவர்களின் 165 என்ற கணக்கே போகும், 440 அடிக்குறிப்பில்.

அறைக் கதவின் உட்புறம் ஒட்டும் அறிவிப்பு:

"பொத்தானை ஒருமுறை அழுத்தவும். பலத்த ஓசை வரும், அது இயல்பு. வாளியால் நீர் ஊற்ற வேண்டாம். துணி, நாப்கின், பாக்கெட் உறைகளைக் கூடையில் போடவும்."

"மூடியை மூடிவிட்டு அழுத்தவும்" என்று ஒரு வரி மூலத்தில் இருக்கிறது. அதைச் சேர்க்கலாமா?

ந.

—

எழுதியவர்: மு.

அம்மா, இந்த வண்டிக்குச் சேர்க்கலாம், ஆனால் காரணத்தோடு. இதில் மூடி ஓசையையும் தெறிப்பையும் குறைப்பதற்கு மட்டும்தான். மூடிக்கடியில் காற்று நுழைய இடைவெளி இருக்க வேண்டும், அந்த இடைவெளியை யாரும் ரப்பர் ஒட்டி அடைக்கக் கூடாது. அடைத்தால் தள்ளிக்கொண்டு போகக் காற்றே இருக்காது. மூடியை இறுக மூடி மேலிருந்து காற்றை அடிக்கும் இன்னொரு வகை உண்டு, அது ஒரு தடவைக்கு 1.5 லிட்டர் எடுக்கும். அந்த வகையில் நேர்மாறு: மூடியின் ரப்பர் கிழிந்திருந்தால் அகற்றலே நடக்காது. இரண்டும் காற்றுவிசைதான் என்பதால் கையேட்டின் முதல் பக்கத்திலேயே "உறிஞ்சுவகை" என்று குறிப்பிட்டுவிடுங்கள், மற்றது "அழுத்துவகை". மாற்று ரப்பர் வாங்கும்போது இந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் சரியான பொருள் வரும்.

மு.