உதவி: சூப்பர் வைல்ட் கார்டில் எடுத்த எர்த்பவுண்ட் நகலில் எச்சரிக்கைத் திரை, மூணாவது ஃப்ளாப்பி கம்ப்யூட்டர்ல படிக்கலை

பழையவட்டு:
தைவானின் ஃப்ரண்ட் ஃபார் ஈஸ்ட் தயாரிச்ச சூப்பர் வைல்ட் கார்டு காப்பியர் (கேம் கார்ட்ரிட்ஜை ஃப்ளாப்பிக்கு நகலெடுக்கிற கருவி) வெச்சிருக்கேன். அமெரிக்க சூப்பர் நிண்டெண்டோ கேம் கன்சோல் மேல செருகி, 1995-ல வந்த எர்த்பவுண்ட் ஒரிஜினல் கார்ட்ரிட்ஜை ஃப்ளாப்பிக்கு எடுத்தேன். 24 மெகாபிட் (3 எம்பி) கேம், மூணு டிஸ்க் ஆச்சு. பிரச்சினை இதுதான்:

மூணையும் திரும்பக் காப்பியர்ல ஏத்தினா முழுசா ஏறுது, ஆனா கேம் தொடங்காம திருட்டு நகல் பற்றிய எச்சரிக்கைத் திரை வருது. யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ்ல போட்டா முதல் ரெண்டு டிஸ்க் படிக்குது, மூணாவதுக்கு "ஃபார்மேட் செய்யவா?"ன்னு கேக்குது. மூடியைக் கழட்டிப் பார்த்தா உருளை பேட்டரி பக்கத்துல பச்சையா பூத்திருக்கு. நகல் கெட்டுப் போச்சா? சொந்த கார்ட்ரிட்ஜை இப்படி எடுக்கிறது சட்டப்படி சரியா?

ஈயப்பற்று:
மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல பேட்டரி. அது முடியிற வரைக்கும் காப்பியருக்கு கரண்ட் கொடுக்காதீங்க. அது 3.6 வோல்ட் நிக்கல் கேட்மியம். கசிஞ்சது காரம், செம்புத் தடத்தை அரிச்சுக்கிட்டே போகும், கூடவே பக்கத்து ஐசி கால்களையும்.

பேட்டரியை சால்டர் எடுத்துக் கழட்டுங்க. பழைய டூத் பிரஷ்ல வெள்ளை வினிகர் தொட்டு, நுரைக்கிறது நிக்கிற வரை பச்சையைத் தேய்ங்க. டிஸ்டில்டு தண்ணி தொட்ட துணியால துடைச்சு, 99 சதவீத ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் ஊத்திக் கழுவி, ஒரு நாள் காய விடுங்க. பிறகு மல்டிமீட்டரை கண்டினியூட்டியில (தொடர்பு அறுந்திருக்கான்னு பார்க்கிற நிலை) வெச்சு, பேட்டரியைச் சுத்தி இருக்கிற ஒவ்வொரு தடத்தையும் முனைக்கு முனை பாருங்க. போர்டின் ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற சின்னத் துளைகள்தான் முதல்ல போகும். தடம் நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் துளைக்குள்ள அறுந்திருக்கும். அறுந்த இடத்துக்கு மெல்லிய எனாமல் கம்பி போதும்.

மாத்துறதுக்கு 3.6 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வாங்குங்க. சிஆர்2032-ஐ நேரா வைக்கக் கூடாது: இந்த சர்க்யூட் பேட்டரியை சார்ஜ் பண்ணும், லித்தியம் காயினுக்குள்ள சார்ஜ் போனா ஊதி வெடிக்கலாம். பேட்டரியே இல்லாட்டியும் நகலெடுக்கிறது நடக்கும். காப்பியர் உள்ளே வெச்ச சேவ் (கேம்ல எட்டின இடத்தின் பதிவு) மட்டும் நிக்காது.

மூணாவது டிஸ்க்: காப்பியர் அதைப் படிக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ ஹெட் அழுக்கோ டிஸ்க் தேய்மானமோ இல்லை. அந்த ஒண்ணை மட்டும் காப்பியர் மெனுவுலயே ஃபார்மேட் பண்ணீங்களா?

பழையவட்டு:
ஆமா, ஒரு டிஸ்க் குறைஞ்சதால அதை காப்பியர்லயே ஃபார்மேட் பண்ணேன். 1.6 எம்பின்னு இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன்.

ஈயப்பற்று:
அதேதான். வழக்கமான 1.44 எம்பி ஃபார்மேட்ல ஒரு டிராக்குக்கு 18 செக்டர், 1.6-ல 20. 12 மெகாபிட் கேம் ஒரே டிஸ்க்குல அடங்கணும்னு வந்த ஏற்பாடு அது. யூஎஸ்பி டிரைவ்கள் 720 கேபி, 1.44 எம்பி மாதிரி சில ஃபார்மேட்டைத்தான் ஏத்துக்கும். மென்பொருளால மாத்தவும் வழியில்லை. மதர்போர்டுல 34 பின் ஃப்ளாப்பி சாக்கெட் இருக்கிற பழைய கம்ப்யூட்டர் கிடைச்சா லினக்ஸ்ல படிக்கலாம். இல்லேன்னா போர்டு சரியானதும், கம்ப்யூட்டர்ல 1.44-க்கு முழு ஃபார்மேட் பண்ணின டிஸ்க்குல மறுபடி எடுங்க. விரைவு ஃபார்மேட் வேண்டாம், கெட்ட செக்டர் அதுல தெரியாது. இதுக்கு நடுவுல "ஃபார்மேட் செய்யவா?"ன்னு கேட்டா தவறியும் சரின்னு அமுக்கிடாதீங்க.

எட்டுபிட்:
எச்சரிக்கைத் திரை வருவதால் நகல் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. எர்த்பவுண்ட் கார்ட்ரிட்ஜில் சேவ் வைக்கும் நினைவகமான எஸ்ரேம் 8 கேபி. காப்பியரில் இருப்பது 32 கேபி. 8 கேபிக்கு மேல் நினைவகம் தென்படுகிறதா என்று கேம் தொடக்கத்திலேயே சோதிக்கிறது. தென்பட்டால் அந்தத் திரையோடு நின்றுவிடும். ஒரு பைட் கூடப் பிசகாத நகலுக்கும் காப்பியரில் இதே கதிதான். அந்தச் சோதனையை மட்டும் நீக்கிய நகல்களும் தப்புவதில்லை: உள்ளே அடுத்த அடுக்குச் சோதனை எதிரிகளின் எண்ணிக்கையை ஏற்றிவிடும், கடைசிச் சண்டையில் கேமை உறைய வைத்து சேவ் பதிவையும் அழிக்கும். ஆகவே நகல் சரியா என்பதைக் காப்பியரில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூன்று கோப்பும் தலா 1,049,088 பைட் இருக்க வேண்டும். அதில் முதல் 512 பைட் காப்பியர் சேர்த்த தலைப்பு. மீதி 1,048,576 பைட்தான் கேம். ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால், 8, 9, 10-ஆம் இடங்களில் 170, 187, 4 இருக்கும். 2-ஆம் இடத்து பைட்டில் 64 மதிப்புள்ள பிட், "இன்னும் கோப்பு வருகிறது" என்பதன் அடையாளம். முதல் இரண்டில் அது இருக்கும், கடைசியில் இருக்காது. வரிசை குழம்பினால் இதை வைத்துக் கடைசிக் கோப்பைக் கண்டுபிடிக்கலாம்.

மூன்றின் தலைப்பையும் வெட்டிவிட்டு வரிசையாக ஒட்டுங்கள். மொத்தம் 3,145,728 பைட் வர வேண்டும். முதல் கோப்பில் மட்டும் வெட்டி மற்ற இரண்டில் விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிசகு. 1,024 பைட் கூடுதலாக இருந்தால் காரணம் அதுதான்.

இந்த கேம் ஹைரோம் வகை, அதாவது கார்ட்ரிட்ஜில் தரவை அடுக்கும் ஒரு முறை. ஒட்டிய கோப்பில் 65472-ஆம் இடத்திலிருந்து 21 எழுத்தில் கேமின் பெயர். 65500, 65501-ல் செக்சத்தின் (சரிபார்ப்புக் கூட்டுத்தொகை) நிரப்பி, 65502, 65503-ல் செக்சம். இரண்டையும் கூட்டினால் 65535. இந்தக் கூட்டல் சரியாக வந்தால் கேமுக்குள்ளேயே இருக்கும் இந்தத் தலைப்பு நல்லபடி வந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். முழு கேமுக்கும் நீங்களே செக்சம் போட வேண்டும்: முதல் 16 மெகாபிட்டின் பைட்டுகளை ஒரு முறை, கடைசி 8 மெகாபிட்டின் பைட்டுகளை இரண்டு முறை கூட்டி, விடையின் கீழ் 16 பிட்டை எடுத்து அந்தச் செக்சத்தோடு ஒப்பிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே முறை கூட்டினால் நல்ல நகலும் தப்பாகத் தெரியும்.

செக்சம் பொருந்தாவிட்டால் கார்ட்ரிட்ஜின் உலோகக் கால்களை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து மீண்டும் எடுங்கள். இரண்டு முறை எடுத்தது ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் தொடர்பில்தான் கோளாறு.

ஏட்டுச்சுவடி:
சட்டம் பற்றி. அடிப்படையான வழக்கு சூப்பர் நிண்டெண்டோவுக்கு முந்தியது. அமெரிக்காவின் இல்லினாயைச் சேர்ந்த ஜேஎஸ்&ஏ நிறுவனம், அட்டாரி 2600 கார்ட்ரிட்ஜை வெற்றுக் கார்ட்ரிட்ஜில் பதியும் ப்ராம் பிளாஸ்டர் என்ற கருவியை விற்றது. "காப்புநகல் எடுக்க அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு இடம் தருகிறதே" என்று வாதாடியது. 1983 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்தப் பிரிவு இயந்திரக் கோளாறாலோ மின் கோளாறாலோ அழியக்கூடிய ஊடகங்களுக்கானது, ரோம் கார்ட்ரிட்ஜுக்கு அந்த ஆபத்து இல்லை என்பது காரணம். காப்பியர்களுக்கு எதிராக நிண்டெண்டோ பின்னாளில் வைத்த வாதங்களின் வேர் இங்கே இருக்கிறது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 1988-ல் வால்ட் எதிர் குவைட் வழக்கில் ஐந்தாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் குறுகிய வாசிப்பை ஏற்கவில்லை: மனிதத் தவறு, உடைதல் உட்பட எல்லா ஆபத்துக்கும் எதிராகக் காப்புநகல் எடுக்கலாம் என்றது. சட்ட வாசகத்தில் அட்டாரி தீர்ப்பு சொல்லும் வரம்பு இல்லவே இல்லை என்பதால், இதுவே சரியான வாசிப்பு என்பது என் உறுதியான கருத்து. இருந்தும் அது ஃப்ளாப்பி மென்பொருள் வழக்கு. காப்பியர் விற்றவர்களை அது காப்பாற்றவில்லை. நிண்டெண்டோ 64-க்கான டாக்டர் வி64-ஐத் தயாரித்த ஹாங்காங்கின் பங் நிறுவனமும் நிண்டெண்டோவின் வழக்கைச் சந்தித்தது. 1998 அக்டோபரில் அமெரிக்காவின் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டமான டிஎம்சிஏ வந்தபின், நகல் தடுப்பை உடைக்கும் கருவியை விற்பதே அங்கே தனிக் குற்றமானது.

நீங்கள் இந்தியாவில் இருந்தால், 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பாருங்கள். முறையாக வைத்திருப்பவர், இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான தற்காலிகப் பாதுகாப்பாகக் காப்புநகல் எடுக்கலாம் என்கிறது. கோப்பை இன்னொருவருக்குக் கொடுப்பது இதில் வராது. கார்ட்ரிட்ஜை விற்றுவிட்டு நகலை வைத்துக்கொள்வதும் அப்படியே.

பழையவட்டு:
பேட்டரியைக் கழட்டிச் சுத்தம் பண்ணியாச்சு. அறுந்திருந்த ஒரு துளைக்குக் கம்பி போட்டேன். 1.44 டிஸ்க்குல மறுபடி எடுத்ததுல மூணு கோப்பும் சரியான அளவு, செக்சமும் பொருந்துது. கார்ட்ரிட்ஜ்ல இருக்கிற சேவ்?

எட்டுபிட்:
அதைக் காப்பியர் மெனுவிலிருந்து தனியாக எஸ்ரேம் கோப்பாக எடுங்கள். காப்பியர் சேர்க்கும் தலைப்பின் 10-ஆம் இடத்தில் 4-க்குப் பதில் 5 இருக்கும். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் சிஆர்2032-ஐ மாற்றுவதாக இருந்தால் இதை முடித்த பிறகு மாற்றுங்கள், பேட்டரியைக் கழற்றினால் சேவ் போய்விடும். எல்லாக் கோப்பையும் இன்றே கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். அந்த ஃப்ளாப்பிகளை நம்பி வைக்காதீர்கள்.