ட்ரான் கணினிப் பெட்டி: விளக்கை மறைக்க எனக்கு எட்டு மாதம் ஆனது

செந்தூலிலிருந்து:

சினிமாப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு அதே மாதிரி கணினிப் பெட்டி (கேஸ்) கட்டியவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வருகிறீர்கள். என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது 1982-இல் வந்த ட்ரான், கணினிக்குள் நடக்கும் கதை. கறுப்பு உடம்பு, அதன்மேல் ஓடும் நீல ஒளிக்கோடுகள், அவ்வளவுதான். கறுப்பு அக்ரிலிக் (பிளாஸ்டிக் தகடு) வாங்கிக் கோடு வெட்டி, பின்னால் எல்இடி பட்டையை ஒட்டினால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். முடிய எட்டு மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் ஒரே ஒரு விஷயத்துக்குப் போனது: கோடு ஒளிர வேண்டும், உள்ளே இருக்கும் விளக்கு கண்ணில் படக்கூடாது.

பட்டையை வாங்கியது இங்கே கோலாலம்பூரில் (கேஎல்), புடு ஜாலான் பாசாரில். லோ யாட் பிளாசா கணினிக் கடைகளில் இதெல்லாம் ரெடியாக, அழகான டப்பாவில் கிடைக்கும். ஆனால் மீட்டர் கணக்கில் பட்டை, ஒற்றை ரெசிஸ்டர், கெபாசிட்டர் என்று உதிரியாக வாங்க எனக்கு ஜாலான் பாசார்தான் வசதி. மீட்டருக்கு 60 எல்இடி உள்ள டபிள்யூஎஸ்2812பி வகை. இதில் ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக இயக்கலாம். 5 வோல்ட்டில் ஓடும்.

அந்த 5 வோல்ட்டை மறந்ததால்தான் முதல் அடி வாங்கினேன். மதர்போர்டில் விளக்குக்கென்று இரண்டு வகை முனை இருக்கும். நான்கு ஊசி உள்ளது 12 வோல்ட், மூன்று ஊசி உள்ளது 5 வோல்ட். நான் பட்டையின் ஜம்பர் வயரை (இணைப்புக் கம்பியை) கொண்டுபோய் நான்கு ஊசி முனையில் செருகினேன். பளிச்சென்று ஒரு மின்னல், பிளாஸ்டிக் கருகும் வாடை, ஒரு மீட்டர் பட்டை போய்விட்டது. நல்ல வேளை, மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. செருகுவதற்கு முன் ஊசியை எண்ணுங்கள், பலகையில் அச்சிட்ட எழுத்தையும் படியுங்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை. 3 மில்லிமீட்டர் கறுப்பு அக்ரிலிக்கில் 4 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கோடு வெட்டிப் பின்னால் பட்டையை ஒட்டி எரியவிட்டேன். கோடே தெரியவில்லை. திண்ணையில் வரிசையாக வைத்த கார்த்திகை விளக்கு போல ஒவ்வொன்றும் தனியாக நின்றது. மீட்டருக்கு 60 என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் இடைவெளி, வேறு எப்படித் தெரியும்? டிரேசிங் தாள் வைத்தேன், பால்நிற அக்ரிலிக் வைத்தேன். புள்ளிகள் மங்கினவே தவிர மறையவில்லை. ஒவ்வொரு இரவும் எரியவிட்டுப் பார்த்து, அணைத்துவிட்டுப் போய்ப் படுப்பேன்.

வழி சொன்னவர் ஈப்போ ரோடு பக்கம் பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். துண்டு அக்ரிலிக் கிடைக்குமா என்று கேட்கப் போனேன். கையில் இருந்ததை வாங்கிப் பார்த்தார். "தம்பி, பல்ப நேரா பாக்க வெச்சா மூஞ்சிலதான் அடிக்கும். செவத்தப் பாத்துத் திருப்பி வை. வெள்ளச் செவத்துல பட்டுத் திரும்பி வருது பாரு, அந்த வெளிச்சந்தான் எழுத்து" என்றார். சொல்லிவிட்டு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பால்நிறத் துண்டை எடுத்து, அதன்மேல் ஒட்டியிருந்த பழுப்புத் தாளின் ஓரத்தை நகத்தால் கொஞ்சம் உரித்து, குழல்விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து ட்ரான் எடுத்த விதத்தைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஸ்டீவன் லிஸ்பெர்கர் இயக்கிய அந்தப் படத்தில் கணினி உலகக் காட்சிகளைக் கறுப்பு அரங்கில், கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு ஃபிரேமையும் பெரிய ஒளிபுகும் படமாக்கி, கோடுகள் மட்டும் திறந்திருக்கும்படி மற்றதை மறைத்து, பின்னாலிருந்து வண்ண ஒளியைப் பாய்ச்சித் திரும்பப் படம் பிடித்தார்கள். நடிகர்கள் உடம்பில் விளக்கே கிடையாது! விளக்கைக் காட்டாமல் வெளிச்சத்தை மட்டும் காட்டுவது: ஈப்போ ரோட்டுப் பெரியவர் சொன்னதும் கிட்டத்தட்ட இதே வழிதான்.

அதன்படி முன்பக்கம் முழுவதையும் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் 20 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு வாய்க்கால். உள்ளே வெள்ளை பெயின்ட். பட்டை வாய்க்காலின் பக்கச் சுவரில், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி. கோட்டின் வாயில் அந்தப் பால்நிற அக்ரிலிக். மூலைகளில் வெளிச்சம் கசிந்தது. ஏர்கான் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் அலுமினிய டேப்பை வெளிப்பக்கமாக ஒட்டி அடைத்தேன். அது மின்சாரம் கடத்தும், பட்டையின் செம்பில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறமும் லேசில் அமையவில்லை. வெறும் நீலம் மட்டும் எரிந்தால் திருவிழா சீரியல் விளக்கு மாதிரி இருக்கிறது. படத்தின் நிறம் வர நல்ல அளவு பச்சையும் கலக்க வேண்டும். மின்சாரக் கணக்கை மட்டும் தயவுசெய்து போட்டுவிடுங்கள். முழு வெள்ளையில் ஓர் எல்இடி 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். என்னிடம் இருந்தவை 180, அதாவது 10.8 ஆம்பியர். மதர்போர்டு முனை பெரும்பாலும் 3 ஆம்பியருக்குத்தான். ஆகவே பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட்டை ஒரு ஃபியூஸ் வழியாகத் தனியாக எடுத்தேன். அர்டுயினோ நானோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை கட்டளை மட்டும் கொடுக்கிறது, வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் ஏற்றுவதில்லை. பட்டையின் கடைசியில் நிறம் மஞ்சளடித்தால் அங்கே மின்னழுத்தம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு முனையிலிருந்தும் மின்சாரம் கொடுத்தால் சரியாகிவிடும்.

சூடு பற்றி ஒரு வார்த்தை. கேஎல் மதிய வெயில் 33 டிகிரி, என் அறையில் ஏர்கான் இல்லை. மூடிய கறுப்பு முகப்போடு கிராஃபிக்ஸ் கார்டு கொதித்தது. முகப்பை 15 மில்லிமீட்டர் முன்னால் தள்ளி, சுற்றிலும் காற்று நுழைய இடம் விட்ட பிறகுதான் இறங்கியது.

முடித்த அன்று இரவு அறை விளக்கை அணைத்துவிட்டுத் தங்கச்சியைக் கூப்பிட்டேன். மேலிருந்து இறங்கி, மூலையில் திரும்பி, அடிவரைக்கும் அறுபடாமல் ஓடியது கோடு. அவள் குனிந்து அதன்மேல் விரலை வைத்துக் கீழிருந்து மேல்வரை தடவிக்கொண்டே போனாள். "லைட்டு எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் எட்டு மாதம் காத்திருந்தேன்.

பினாங்கு, ஆயர் ஈத்தாமிலிருந்து:

அண்ணே, படித்ததும் எழுதத் தோன்றியது. நான் கட்டியது விண்கலப் படங்களில் வரும் கட்டுப்பாட்டுப் பலகை மாதிரியான கேஸ். நிறையச் சின்னச் சின்ன சிவப்பு விளக்குகள். என் பிரச்சினை வேறு: நன்றாக எரிந்துகொண்டிருக்கும், திடீரென்று ஒரு வரிசை பைத்தியம் பிடித்த மாதிரி துடிக்கும். ப்ரோகிராமில்தான் கோளாறு என்று மூன்று வாரம் அதையே மாற்றி மாற்றி எழுதினேன்.

எங்கள் அம்மா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பல வருடம் சால்டரிங் (ஈயம் உருக்கிக் கம்பிகளை இணைக்கும்) பிரிவில் இருந்தவர். ஒருநாள் காப்பி கொடுக்க வந்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "என்னடா இது, சோத்துப் பருக்கையாட்டம் உருட்டி வெச்சிருக்க? நல்லா புடிச்சிருந்தா பளபளன்னு படிஞ்சிருக்கும். இது சாம்பல் பூத்துக் கெடக்கு" என்றார். நான் ஈயத்தைச் சூட்டுக்கோல் முனையில் உருக்கிக் கொண்டுவந்து தடவியிருந்தேன். அப்படிச் செய்யக் கூடாதாம். முதலில் செம்பையும் கம்பியையும் சூடாக்க வேண்டும், பிறகு ஈயத்தை அங்கே வைத்தால் அதுவே உருகி ஓடிப் படியும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து 36 இணைப்பையும் அன்று மாலையே அவரே திரும்ப வைத்துக் கொடுத்தார். கை துளி நடுங்கவில்லை. அவர் வேலை செய்து அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

பட்டை ஆரம்பிக்கும் இடத்தில் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும், கட்டளைக் கம்பியில் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் சேர்த்தேன். அதற்கப்புறம் துடிப்பு இல்லை.

செந்தூலிலிருந்து:

தம்பி, அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். நீ எழுதியதைப் படித்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்க்கோட்டில் இரண்டு இணைப்பு சாம்பல் நிறமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முகப்பைக் கழற்றுகிறேன். ஈயம் வைப்பதற்கு முன் அம்மா ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்கத் தடவுவது) தடவினாரா என்று மட்டும் கேட்டுச் சொல்.